பொய்க்கு வாக்கப்பட்டவர்கள்

2024 ஆகஸ்ட் முதல் தேதி இரவு. மாஸ்கோவின் வ்னூகவோ விமான நிலையம். பல நாடுகள் சேர்ந்து நடத்திய கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானவர்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கி வருகிறார்கள். அதில் ஒரு கணவன், மனைவி, பள்ளிக்கூட வயதில் ஒரு பெண், ஒரு பையன். கீழே பூங்கொத்தோடு புதின் நிற்கிறார். பெரியவர்களைக் கட்டியணைத்தவர், பிள்ளைகளிடம் ரஷ்ய மொழியில் பேசவில்லை. "புவனாஸ் நோச்சஸ்" என்றார். ஸ்பானிய மொழியில் இரவு வணக்கம்.

அந்தப் பிள்ளைகளுக்கு ரஷ்ய மொழி தெரியாது. தாங்கள் ரஷ்யர்கள் என்பதே, விமானம் அங்காராவிலிருந்து கிளம்பிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது என்று மறுநாள் கிரெம்ளின் செய்தித் தொடர்பாளர் பெஸ்கோவ் சொன்னார். நம்மை வரவேற்ற இந்த ஆள் யார் என்றுகூடப் பெற்றோரிடம் கேட்டார்களாம். ஸ்லோவேனியாவின் தலைநகர் லியூப்லியானாவில் அர்ஜென்டினாக்காரர்களாக வாழ்ந்த குடும்பம் அது. அம்மா ஓவியக் கூடம் நடத்தினார், அப்பாவுக்கு ஐடி தொழில். 2022 டிசம்பரில் போலீஸ் கதவைத் தட்டும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எல்லாமே பொய்யாகவும் இருந்தது.

அந்தக் காட்சியைச் செய்தியில் பார்த்தபோது, பிள்ளைகளை நினைத்துப் பரிதாபம் வந்தது. கூடவே, இதை ஏற்கெனவே எங்கோ பார்த்திருக்கிறோமே என்ற எண்ணமும் வந்தது. பார்த்தது டிவியில். 'தி அமெரிக்கன்ஸ்' என்ற தொடரில்.

2013 ஜனவரியில் தொடங்கி 2018 மே மாதத்தில் முடிந்தது அந்தத் தொடர். ஆறு சீசன், எழுபத்தைந்து எபிசோட். பிலிப், எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற தம்பதி, ரீகன் காலத்து அமெரிக்காவில், வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியா புறநகரில் டிராவல் ஏஜென்சி நடத்துகிறார்கள். ஒரு மகள், ஒரு மகன். கணவன், மனைவி இருவரும் கேஜிபி அனுப்பிய உளவாளிகள். இளம் வயதில் ஜோடி சேர்த்து, பெயர் கொடுத்து, அமெரிக்க ஆங்கிலம் பழக்கி அனுப்பியிருக்கிறார்கள். தங்களுக்குள்கூட ரஷ்ய மொழியில் பேசிக்கொள்ளக் கூடாது. எதிர்வீட்டுக்குக் குடிவருபவர் ஸ்டான் பீமன், எஃப்பிஐயில் ரஷ்ய உளவாளிகளைப் பிடிக்கும் பிரிவின் அதிகாரி! மாமியார் வீட்டுக்கு எதிரிலேயே போலீஸ் ஸ்டேஷன் வந்த கதை என்று முதல் எபிசோடில் சிரித்தேன். நாலாவது எபிசோடுக்கு மேல் சிரிப்பு வரவில்லை.

தொடரை உருவாக்கிய ஜோ வைஸ்பெர்க், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிஐஏவில் வேலை பார்த்தவர். 2010 ஜூனில் அமெரிக்காவில் பத்து ரஷ்ய உளவாளிகள் கூண்டோடு பிடிபட்ட செய்திதான் இந்தக் கதைக்கு விதை. அவர்களிலும் பிள்ளை குட்டியோடு வாழ்ந்த தம்பதிகள் இருந்தார்கள். அடுத்த மாதமே வியன்னா விமான நிலையத்தில் பத்துக்கு நாலு என்று ஆள் மாற்றிக்கொண்டார்கள். சிஐஏவில் வைஸ்பெர்கைப் பாதித்தது துப்பாக்கியோ துரத்தலோ அல்ல. அங்கே வேலை பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம், தாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்பதைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டே இருந்ததுதான். ஒரு வயதில் உட்காரவைத்து உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த நாள் வரும்வரை சாப்பாட்டு மேசையில் தினமும் ஒரு பொய். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷம் எழுதினார்.

தொடரில் கொலைகளுக்குப் பஞ்சமில்லை. செத்த பெண்ணின் எலும்பை ஒடித்து சூட்கேஸில் அடைக்கும் காட்சி ஒன்று உண்டு, சாப்பிடும்போது பார்க்காதீர்கள். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுவல்ல. ஒரு கல்யாணம்.

மார்த்தா என்று ஒரு பெண். எஃப்பிஐயில் எதிர் உளவுப் பிரிவின் தலைவருக்குச் செயலாளர். வயது கடந்துகொண்டிருக்கிறது, தனிமை. விக், கண்ணாடி, கூச்சம் எல்லாம் மாட்டிக்கொண்டு 'கிளார்க்' என்ற பெயரில் பிலிப் அவளிடம் வருகிறான். அரசாங்கத்தின் ரகசியத் தணிக்கை அதிகாரி என்று சொல்லிக்கொள்கிறான். தகவல் கேட்கிறான், அன்பு காட்டுகிறான், கடைசியில் தாலி கட்டாத குறையாகக் கல்யாணமே செய்துகொள்கிறான். மாப்பிள்ளை வீட்டார் யார் தெரியுமா? அம்மாவாக வந்து நிற்பவள் இவர்களுக்கு உத்தரவு போடும் கேஜிபி கிழவி கிளாடியா. தங்கையாக வந்து நிற்பவள் எலிசபெத். சொந்தப் புருஷனின் பொய்க் கல்யாணத்தில் நாத்தனார் வேஷம்.

அதற்குப் பிறகு வருவதுதான் எழுத்து. எலிசபெத்தும் பிலிப்பும் நிஜத்தில் கல்யாணமே செய்துகொண்டதில்லை. மேலிடம் சேர்த்துவைத்த ஜோடி. அந்த உறுதிமொழி வார்த்தைகளை நாமும் ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் நம் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்குமா என்று அவள் அவனிடம் கேட்கிறாள். கொலைகாரியின் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி. நாலு சீசன் கழித்து, ஒரு ரஷ்யப் பாதிரியார் ரகசியமாக இருவருக்கும் மணமுடித்து வைக்கிறார், அவர்களுடைய சொந்த ரஷ்யப் பெயர்களில். வெளியே சொல்ல முடியாத அந்தக் கல்யாணத்தைப் பார்த்து நான் கண் கலங்கினேன். இருவரும் அதுவரை எத்தனை பேரைக் கொன்றிருக்கிறார்கள் என்ற கணக்கு எனக்குத் தெரியும். கணக்குத் தெரிந்தும் கண் கலங்கியது.

இந்த வகைத் தொடர்களின் ஈர்ப்பைப் பற்றிப் பேசும்போது, "நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை, சாம்பல் நிறம்" என்று முடித்துவிடுகிறோம். சாம்பல் நிறப் பாத்திரங்கள் எங்கும் உண்டு. தாதா கதைகளில், அரசியல் கதைகளில், மாமியார் மருமகள் சீரியலில்கூட. உளவாளிக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. திருடன் பணத்தை எடுக்கிறான், தாதா பயத்தை விதைக்கிறான். உளவாளிக்கோ மூலதனமே அன்புதான். ஒருவரைத் தன்னை நேசிக்க வைத்தால்தான் அவன் வேலை தொடங்கும். நேசிக்க வைப்பதற்குக் கொஞ்சமாவது நேசித்துக் காட்ட வேண்டும். காட்டுவது எங்கே முடிகிறது, நேசிப்பது எங்கே தொடங்குகிறது என்று அவனுக்கே தெரியாமல் போகும் இடத்தில்தான் நல்ல உளவுத் தொடர் பிறக்கிறது. துப்பாக்கியோடு ஓடுபவனில் நம்மை நாம் பார்ப்பதில்லை. பொய்யான முகத்தோடு உண்மையாகச் சிரிப்பவனில் பார்த்துவிடுகிறோம். சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. கிழக்கு ஜெர்மனியின் வெளிநாட்டு உளவுத் தலைவர் மார்க்கஸ் வோல்ஃப், மேற்கு ஜெர்மனியின் தலைநகர் பான் நகரத்து அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த பெண் செயலாளர்களைக் காதலிக்கவென்றே ஆட்களை அனுப்பினார். 'ரோமியோ' என்று அவர்களுக்குப் பெயர். கம்யூனிஸ்ட் நாடுகளின் வேலைதான் இது என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் போராட்டக் குழுக்களுக்குள் வேவு பார்க்க அனுப்பப்பட்ட போலீஸ்காரர்கள், பொய்ப் பெயரில் அந்தக் குழுக்களின் பெண்களோடு வருஷக்கணக்கில் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். 2015இல் லண்டன் காவல்துறை ஏழு பெண்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. ஏழு மார்த்தாக்கள்.

மார்த்தாவின் கதை எப்படி முடிகிறது? குட்டு வெளிப்படுகிறது. அவளை ஜெயிலிலிருந்து காப்பாற்ற சோவியத் யூனியனுக்கு விமானம் ஏற்றி அனுப்பிவிடுகிறான் பிலிப். மொழி தெரியாத ஊர். அடுத்த சீசனில் மாஸ்கோவின் கடை ஒன்றில், கையில் பையோடு சாமான் பார்த்துக்கொண்டிருக்கும் அவளைச் சில நொடிகள் காட்டுகிறார்கள். கதைக்கு இனி அவளால் பிரயோஜனம் இல்லை. இருந்தும் அந்தச் சில நொடிகளை அவளுக்காக ஒதுக்குகிறார்கள். செலவுக் கணக்கை மறைக்காமல் எழுதுவது என்பது இதுதான்.

யங் ஹீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீடு வீடாக அழகுசாதனப் பொருள் விற்கும் கொரியப் பெண், வாய் ஓயாமல் பேசுபவள், சிரிப்புக்காரி. அவள் கணவன் கிருமி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறான். அங்கே நுழையும் ரகசிய எண் வேண்டும் என்பதற்காக எலிசபெத் இவளோடு சிநேகமாகிறாள். சேர்ந்து சமைக்கிறார்கள், சினிமா போகிறார்கள். எலிசபெத்துக்கு வாழ்க்கையிலேயே வாய்த்த ஒரே தோழி அவள்தான் என்று நமக்குப் புரிகிறது, எலிசபெத்துக்கும் புரிகிறது. வேறு வழியே இல்லையா என்று மேலதிகாரியிடம் கேட்டும் பார்க்கிறாள். இல்லை. கணவனுக்கு மயக்க மருந்து கொடுத்து, தன்னோடு தப்பு செய்துவிட்டதாக அவனை நம்பவைத்து, அந்தக் குடும்பத்தையே குலைத்துப்போடுகிறாள். வீட்டில் என்ன நடக்கிறதென்றே புரியாமல் யங் ஹீ அழுதபடி ஆன்சரிங் மெஷினில் விட்ட செய்தியை எலிசபெத் தனியாக உட்கார்ந்து கேட்கிறாள். ஒரு துளி ரத்தம் இல்லாத இந்தக் காட்சி, சூட்கேஸ் காட்சியைவிடக் கொடூரம்.

மூன்றாவது சீசனில் பெட்டி என்று ஒரு பாட்டி வருகிறாள். எஃப்பிஐயின் தபால் ரோபோவைப் பழுதுபார்க்கும் பட்டறையில் ராத்திரி நேரத்தில் கணக்கு எழுத வந்தவள். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டாள். அவளுடைய இதய மாத்திரைகளையே ஒவ்வொன்றாக விழுங்கவைத்துக் கொல்கிறாள் எலிசபெத். அதற்கு நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் இருவரும் பேசுகிறார்கள், கணவரைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி. என்னைக் கொல்வதால் உலகம் மேலாகிவிடுமா என்று பாட்டி கேட்க, ஆகும் என்கிறாள் எலிசபெத். கெட்டவர்கள் எப்போதும் தங்களுக்குச் சொல்லிக்கொள்வது இதைத்தான் என்கிறாள் பாட்டி.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி அப்போது கேட்டாள்: "என்னங்க, இவ மாட்டிக்கணும்னு நினைக்கிறீங்களா, தப்பிக்கணும்னா?" பதில் சொல்லாமல் ரிமோட்டைத் தேடினேன். தப்பிக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று சீசனாக அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் மகளின் கோபமும் மகனின் வீடியோ கேம் பைத்தியமும் எனக்குத் தெரியும். எலிசபெத் பிறரிடம் செய்ததைத் தொடர் என்னிடம் செய்திருக்கிறது. சிநேகம் பிடித்து, வீட்டுக்குள் கூட்டிப்போய், பிறகு என் மனசாட்சியை வைத்துத் தனக்கு வேண்டியதைச் சாதித்துக்கொண்டது.

நம் இலக்கியத்தில் ஒற்றன் புதியவன் அல்ல. திருக்குறளில் ஒற்றாடலுக்கென்று 59ஆம் அதிகாரமே இருக்கிறது. துறவி வேடத்தில் போ, ஒற்றனை ஒற்றன் அறியாதபடி வைத்திரு, ஒருவன் சொன்னதை இன்னொருவனைக் கொண்டு சரிபார், ஊரறியச் சிறப்புச் செய்யாதே என்று இன்றைய உளவுத் தலைமையகத்தில் அச்சடித்து ஒட்டலாம் போன்ற யோசனைகள். ஆனால் பத்துக் குறளும் அரசன் பக்கத்தில் நின்று சொல்லப்பட்டவை. காவி கட்டிக்கொண்டு போனவன், ஊர்ச்சத்திரத்தில் சோறு போட்டவளைக் காட்டிக்கொடுத்துவிட்டு ராத்திரி எப்படித் தூங்கினான் என்ற கேள்வி அங்கே எழவில்லை. எழ வேண்டிய அவசியமும் இல்லை, அது அரசியல் பேசும் பகுதி. அந்தக் கேள்வி கதை சொல்பவர்களின் பாடு.

தமிழ் சினிமா அதைக் கேட்டிருக்கிறது, அதுவும் 1954லேயே. எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943ஆம் ஆண்டின் கதை. வானொலிப் பொறியாளர் ராஜன் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். யார் கொன்றது என்று போகும் விசாரணையில், அவன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன் என்பது வெளிப்படுகிறது. 'பராசக்தி' வந்து இரண்டே வருஷத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் அது. ராஜன் பணத்தாசை பிடித்த வில்லன் அல்ல. தன் திறமையைச் சொந்த நாடு மதிக்கவில்லை என்ற புண்ணைச் சுமப்பவன். அவனைச் சுட்டது, அவனை நேசித்த மனைவி. பண்டரிபாயின் முகத்தில் தேசபக்தியும் தாம்பத்தியமும் மோதும் அந்தக் கட்டத்தை, எழுபது வருஷம் கழித்து எந்த ஓடிடியிலும் பெருமையாகப் போடலாம்.

அன்புதான் மூலதனம் என்றேன். அதை வைத்து இரண்டு பேர் ஆடிய மிக நீண்ட ஆட்டம் ஜான் லெ காரேயுடையது. அவரும் பிரிட்டனின் எம்ஐ5, எம்ஐ6 இரண்டிலும் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் உளவு அதிகாரி ஜார்ஜ் ஸ்மைலியைப் பற்றிய அவருடைய கதைகளை பிபிசி 1979இலும் 1982இலும் தொடர்களாக எடுத்தது. ஸ்மைலியாக அலெக் கின்னஸ். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆளை எடைபோடுவார், கத்த மாட்டார், ஓட மாட்டார். எதிரி கார்லா, மாஸ்கோவில் இருக்கும் உளவுத் தலைவர். ஸ்மைலியின் பலவீனம் அவருடைய மனைவி ஆன் என்று கார்லாவுக்குத் தெரியும். ஸ்மைலியின் சக அதிகாரியாகவே இருக்கும் தன் ஆளான பில் ஹேடனை அவளோடு பழகவிடுகிறார். நாளை ஸ்மைலி ஹேடனைச் சந்தேகப்பட்டாலும், பொண்டாட்டி விவகாரத்தில் வந்த வயிற்றெரிச்சல் என்று உலகம் ஒதுக்கிவிடும், ஸ்மைலியே தன்னைச் சந்தேகப்படுவார். எவ்வளவு குரூரமான புத்தி!

பல வருஷம் கழித்து ஸ்மைலியின் முறை. கார்லாவுக்கு மனநலம் குன்றிய மகள் ஒருத்தி இருப்பதும், விதிகளை மீறி அவளை ஸ்விட்சர்லாந்தில் வைத்துப் பராமரிப்பதும் தெரியவருகிறது. அந்தப் பாசத்தின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறார் ஸ்மைலி. வேறு வழியின்றி பெர்லின் எல்லையைக் கடந்து வருகிறார் கார்லா. அந்தப் பாத்திரத்தில் பாட்ரிக் ஸ்டூவர்ட், ஒரு வார்த்தைகூட வசனம் கிடையாது. ஆன் ஒரு காலத்தில் ஸ்மைலிக்குப் பரிசளித்து, பிறகு கார்லாவின் கைக்குப் போய்விட்ட சிகரெட் லைட்டரை அவர் கீழே போட்டுவிட்டு நடக்கிறார். ஸ்மைலி அதைக் குனிந்து எடுப்பதில்லை. ஜெயித்த மனிதனின் முகமா அது? எதிரியின் ஆயுதத்தைக் கையில் எடுத்துத்தான் எதிரியை வீழ்த்தியிருக்கிறார். அது அவருக்குத் தெரியும்.

பிரான்சின் 'லெ பியூரோ' தொடரிலும் இதே நரம்புதான். டமாஸ்கஸில் ஆறு வருஷம் பொய்ப் பெயரில் இருந்து திரும்பிய அதிகாரி, அங்கே காதலித்தவளுக்காக அந்தப் பொய்ப் பெயரைக் கழற்ற மறுக்கிறான். பிறகு அவளைக் காப்பாற்றவே தன் நாட்டுக்கு இரண்டகம் செய்கிறான். ஐந்து சீசன். முதல் மூன்று தங்கம்.

நம் பக்கத்துக்கு வருவோம். 'தி ஃபேமிலி மேன்' தொடர் 2019இல் வந்தபோது அதன் நாயகன் ஸ்ரீகாந்த் திவாரியை எல்லோருக்கும் பிடித்தது. பயங்கரவாதிகளைத் துரத்தும் ரகசிய வேலை, வீட்டில் ஈஎம்ஐ, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் கோபம். மனோஜ் பாஜ்பாய் தூசி தட்டாத சட்டையோடு நின்றாலே நடுத்தர வர்க்கம் நிற்கும். குற்றமற்ற ஒரு மாணவன் இவர்கள் கையால் செத்துப்போகும் கிளைக்கதை, முதல் சீசனின் மனசாட்சி.

இரண்டாவது சீசன் 2021 ஜூனில் வந்தது. கதை சென்னைக்கு வந்தது, ஈழத்துப் பெண் போராளி ராஜியாக சமந்தா வந்தார். வெளியாகும் முன்பே எதிர்ப்பு கிளம்பியது. தமிழக அமைச்சர் மனோ தங்கராஜ் தொடரைத் தடைசெய்யச் சொல்லி ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஈழப் போராளிகளையும் ஐஎஸ்ஐயையும் ஒரே கூட்டணியில் உட்கார வைத்தது பலருக்கு ஆறாத கோபம். சமந்தாவின் முகத்தில் பூசிய கறுப்பும் பேச்சானது. தமிழ்ப் பெண் என்றால் கறுப்பு மையா?

தடை கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தொடரைப் பார்த்து முடித்தபோது என் குறை வேறாக இருந்தது. ஸ்ரீகாந்துக்கு மனைவி உண்டு, குற்றவுணர்வு உண்டு, ஐடி கம்பெனியில் சின்ன வயது மேனேஜரிடம் பட்ட அவமானம்கூட உண்டு. ராஜிக்கு என்ன உண்டு? ஒரு கொடூரமான இறந்தகாலம், இறுகிய முகம். ஆலையில் மேற்பார்வையாளன் அத்துமீறும்போது அவள் உடம்பு உறைந்துபோகும் காட்சியில் சமந்தா அபாரம். ஆனால் எதிலிருந்து வந்தாள் என்று காட்டியவர்கள், அவள் எதற்குச் சிரிப்பாள் என்று காட்டவில்லை. எலிசபெத்துக்கு ஒரு யங் ஹீ வாய்த்தாள். ராஜி அந்தச் சென்னை ஆலையில் யாரோடாவது டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிட்டிருந்தால், அவளுக்கு விருப்பமில்லாமலே ஒரு சிநேகம் முளைத்திருந்தால், நம் பக்கத்தில் அத்தனை கோபம் கிளம்பியிருக்குமா? கிளம்பியிருக்கலாம். ஆனால் அது வேறு கோபமாக இருந்திருக்கும். சிக்கலான பாத்திரம் என்ற சலுகையை நாயகனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, எதிரிக்குக் காரணத்தை மட்டும் கொடுப்பது பழைய வித்தை. காரணம் வேறு, மனசு வேறு. செல்லம் சார் பத்து நிமிஷமே வந்து ராஜியைவிட முழு மனிதராகத் தெரிகிறாரே! போன் மாற்றி மாற்றிப் பேசும் அந்த ஓய்வுபெற்ற உளவாளிக்கு உதய் மகேஷ் கொடுத்த உயிர் அப்படி.

மீண்டும் ஜென்னிங்ஸ் வீட்டுக்கு. கடைசி எபிசோட். ஒரு கார் நிறுத்துமிடத்தில் பிலிப், எலிசபெத், மகள் பெய்ஜ் மூவரையும் துப்பாக்கி முனையில் மடக்கிவிடுகிறார் ஸ்டான். பிலிப் அவருடைய எதிர்வீட்டு சிநேகிதன். சேர்ந்து பீர் குடித்தவன், ஸ்டானின் விவாகரத்தில் தோள் கொடுத்தவன், அவருக்கு இருந்த ஒரே நண்பன். பத்து நிமிஷத்துக்கும் மேல் நால்வரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு தோட்டாகூட வெடிப்பதில்லை. கடைசியில் ஸ்டான் வழிவிடுகிறார். அவரும் உத்தமர் அல்ல. சக அதிகாரியின் சாவுக்குப் பழிவாங்க, பர்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ரஷ்ய இளைஞனைப் பின்னாலிருந்து சுட்டவர்தான்.

மகனை அமெரிக்காவிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். கனடா எல்லையில் ரயில் நகரும்போது ஜன்னல் வழியே பார்த்தால், பிளாட்பாரத்தில் பெய்ஜ் நின்றுகொண்டிருக்கிறாள், இறங்கிவிட்டாள். வ்னூகவோவில் பிள்ளைகள் மொழி தெரியாத நாட்டில் இறங்கினார்கள். பிலிப்பும் எலிசபெத்தும் பிள்ளைகள் இல்லாமல் மாஸ்கோவைப் பார்த்து நிற்கிறார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகும் ஒரு முள்ளை விட்டுவைக்கிறது தொடர். கார் நிறுத்துமிடத்தில் விடைபெறும்போது பிலிப், ஸ்டானிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறான். உன் புது மனைவி ரெனே, அவளும் எங்கள் ஆளாக இருக்கலாம். நிச்சயமாகத் தெரியாது. நண்பன் என்ற முறையில் கடைசியாகச் செய்யும் உதவியா, கடைசியாகக் குத்தும் குத்தா?

ஸ்டான் வீட்டுக்கு வருகிறார். படுக்கையறைக் கதவருகே நிற்கிறார். ரெனே தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.